கடல் பெருசு

"ப்ரோ, நல்ல லைவ் ராக் எங்க கிடைக்கும்? ஒரு பன்னெண்டு கிலோ வேணும்."

போன மாதம் ஆபீஸ் கேன்டீனில், எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான். நான் வீட்டில் கடல் தொட்டி வைத்திருப்பது எப்படியோ அவன் காதுக்குப் போயிருக்கிறது. 100 லிட்டரில் சின்னதாக ஒன்று ஆரம்பிக்கப் போகிறானாம். கண்ணாடி, விளக்கு, பம்ப் எல்லாம் ஆர்டர் போட்டாயிற்று. கல் மட்டும்தான் பாக்கி. "அப்புறம் சொல்றேன்டா" என்று நழுவிவிட்டேன். எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். 2019இல் நானே வாங்கியிருக்கிறேன். அதனால்தான் நழுவினேன். இந்தக் கட்டுரை அந்த 'அப்புறம்'. அவனுக்கு மட்டுமில்லை, ரீல்ஸில் நீல வெளிச்சத்தில் ஆடும் பவளங்களைப் பார்த்து மயங்கி நிற்கும் எல்லோருக்கும்.

லைவ் ராக் என்பது உயிருள்ள கல் இல்லை, உயிர்கள் குடியிருக்கும் கல். பவள உயிரிகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவிட்டுப் போன சுண்ணாம்புக் கூடு, அலையில் உடைந்து கடலடியில் கிடக்கும். அதன் துளைகளுக்குள் பாக்டீரியா, கடற்பஞ்சு, புழு, இறால் குஞ்சு, மேலே ஊதா நிறத்தில் பாசி என்று ஒரு குப்பமே குடியிருக்கும். தொட்டி வைப்பவனுக்கு முக்கியம் அந்த பாக்டீரியா. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அம்மோனியா மீனுக்கு விஷம். கல்லின் மேற்பரப்பில் இருக்கும் பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், பிறகு நைட்ரேட் ஆக்கும். கல்லின் உள்ளே, ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில், வேறு வகை பாக்டீரியா அந்த நைட்ரேட்டை வெறும் நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். அதாவது ஒரே கல்லில் இரண்டு சுத்திகரிப்பு நிலையம், கரண்ட் செலவு இல்லாமல். என்ஜினீயராக இருப்பவன் இதைப் படித்துவிட்டு மயங்காமல் இருக்க முடியாது. நானும் மயங்கினேன்.

இந்த முறையை உலகத்துக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் லீ சின் எங். ஜகார்த்தாக்காரர். 1961இல் ஒரு அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் எழுதினார். கடல்நீர், கடலிலிருந்து எடுத்த கல், கொஞ்சம் காற்றுக்குமிழி, இவ்வளவுதான் அவர் தொட்டி. வீட்டுப் பக்கத்தில் கடல் இருந்த மனிதர், அதிலிருந்து கையளவு எடுத்து வைத்துப் பார்த்தார். பின்னால் ஜெர்மன்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள், அமெரிக்கர்கள் பிடித்துக்கொண்டார்கள், அந்தக் கையளவு கப்பல் கப்பலாகப் போக ஆரம்பித்தது. பிஜி பல வருடங்கள் இந்தக் கல்லின் பெரிய ஏற்றுமதியாளராக இருந்தது. இன்று உலகம் முழுக்க இது ஒரு சந்தை. கல்லுக்கு எடை உண்டு, தரம் உண்டு, பிராண்ட்கூட உண்டு.

நான் வாங்கிய கல்

கடை எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. கொளத்தூர் இல்லை என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வடசென்னையில் மீன் தொட்டி என்றாலே கொளத்தூர் மேல் பழி போடுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. முன்னாடி கடை, பின்னாடி கோடவுன். ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். பிரித்ததும் கருவாட்டுக்கும் மழைக்கும் நடுவில் ஒரு வாசனை. கத்தரிக்காய் மாதிரி தராசில் போட்டு 12 கிலோ எடை பார்த்தார்கள். எட்டு லிட்டருக்கு ஒரு கிலோ என்பது அப்போது எல்லோரும் சொல்கிற கணக்கு.

"அண்ணே, இது எடுக்கலாமா? கேஸ் கீஸ் ஆகாதே?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதைக் கவனியுங்கள். எனக்குத் தெரியாமல் இல்லை.

"கடல் பெருசு சார்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தோடு கல்லைக் காரில் ஏற்றினேன். இந்தக் கட்டுரையில் நான் சண்டை போடப்போவது அந்த வாக்கியத்தோடுதான்.

வீட்டில் டிரம்மில் போட்டதும் சாவு ஆரம்பித்தது. கடலிலிருந்து கடை வரை எத்தனை நாள் சாக்கில் கிடந்ததோ, கடற்பஞ்சு வெள்ளையாகி அழுகியது. புழுக்கள் வெளியே வந்து தண்ணீரின் மேல் மட்டத்தில் சுருண்டன. ஒரு விரல்நக அளவு நண்டு இரண்டு நாள் டிரம்மின் சுவரில் ஏறி ஏறி விழுந்தது, மூன்றாம் நாள் இல்லை. நாற்றம் தாங்காமல் அம்மா மொட்டைமாடிக் கதவைச் சாத்திவிட்டாள். ஐந்து வாரம் இப்படி. எங்கள் பொழுதுபோக்கில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: 'க்யூரிங்'. குணப்படுத்துதல்! நூறு உயிர் செத்து, அந்தச் சாவின் அம்மோனியாவைத் தின்று பாக்டீரியா பெருகும் வரை காத்திருப்பதற்குப் பெயர் குணப்படுத்துதல். இந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவர் எந்த ஆலையின் மக்கள்தொடர்புப் பிரிவிலும் வேலைக்குச் சேரலாம்.

சட்டமும் இரண்டு தீவுகளும்

சட்டத்தை முதலில் சொல்லிவிடலாம், சுலபமானது. 2001இல் இந்திய அரசு எல்லாக் கடினப் பவளங்களையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலி இருக்கிற அதே அட்டவணை. குற்றம் நிரூபணமானால் மூன்றிலிருந்து ஏழு வருடம் சிறை. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்திலும் கடினப் பவளங்கள் உண்டு, லைவ் ராக்கும் அந்தக் கணக்கில்தான் வரும். ஆகவே சாக்கில் வந்த கல்லுக்கு 'லீகலா வந்ததுதான் ப்ரோ' என்று யாராவது சொன்னால், பேப்பரைக் காட்டச் சொல்லுங்கள். என்னிடம் யாரும் காட்டவில்லை. நான் கேட்கவும் இல்லை.

ஆனால் ஜெயில் பயத்தால் ஒருவன் கல்லைத் தொடாமல் இருந்தால் எனக்குத் திருப்தியில்லை. போலீஸ் பார்க்காத இடத்தில் அவன் தொடுவான். கடல் பெருசு என்று நம்புகிறவரைக்கும் தொடுவான்.

கடல் எவ்வளவு பெருசு என்று தெரிந்துகொள்ள மன்னார் வளைகுடாவுக்குப் போக வேண்டும். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப் பார்கள். 1986இல் அதைக் கடல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அதற்கு முன்னும், அதற்குப் பின்னும், பல பத்தாண்டுகளாக அங்கிருந்து பவளக் கல்லை உடைத்து வள்ளத்தில் ஏற்றினார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனது, தொழிற்சாலைகளுக்குப் போனது, வீடு கட்டப் போனது. தனுஷ்கோடி போகிறவர்கள் இடிந்த தேவாலயத்தின் முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறீர்கள் இல்லையா, அடுத்த தடவை சுவரைக் கிட்டே போய்ப் பாருங்கள். கல்லில் பூப்பூவாய் வரிகள் தெரியும். அது பவளம். ஒவ்வொரு மேஸ்திரியும், ஒவ்வொரு காளவாய்க்காரரும், ஒவ்வொரு வள்ளக்காரரும் சொல்லியிருப்பார்கள், கடல் பெருசு என்று. 2000களின் நடுப்பகுதியில்தான் அது பெருமளவு நின்றது.

அந்த 21 தீவுகளில் இரண்டு இன்று தண்ணீருக்கு மேலே இல்லை. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி. கல் போனபின் அலையைத் தடுக்க ஒன்றும் இல்லை, மண் கரைந்தது. மூன்றாவதாக வான் தீவும் கரைந்துகொண்டிருந்தது. அதைக் காப்பாற்ற 2015க்குப் பிறகு அரசாங்கம் கடலுக்குள் கான்கிரீட் வார்ப்புகளை இறக்கிச் செயற்கைப் பார் கட்டியது. அந்த கான்கிரீட்டில் மீன் வந்து தங்குகிறது. பவளம் ஒட்டி வளர்கிறது.

இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடலே கான்கிரீட்டை ஏற்றுக்கொள்கிறது. உங்கள் இரண்டரை அடித் தொட்டி மட்டும் 'ஒரிஜினல்' கேட்கிறது.

மூன்று சாக்குகள்

தொட்டிக்காரர்களிடம் இதைச் சொன்னால் வரும் பதில்கள் எனக்கு மனப்பாடம். ஏனென்றால் எல்லாவற்றையும் நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலாவது: "பவளம் எப்படியும் சாகத்தான் போகுது, கடல் சூடாகுது. நாங்க தொட்டியில காப்பாத்தி வைக்கிறோம்." பாதி உண்மை என்பதால் இது ஆபத்தான சாக்கு. மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. தொட்டியில் பவளத்தைத் துண்டு போட்டு வளர்த்து நண்பர்களுக்குப் பகிரவும் முடியும். ஆனால் நாம் கேட்பது கல். அது இனம் இல்லை, வீடு. வெள்ளம் வருகிறது என்று ஊர்க்காரன் வீட்டுச் சுவரை உடைத்து எடுத்துவந்து, அவனைக் காப்பாற்றினேன் என்று சொல்ல முடியுமா? மேலும், நோவாவின் பேழைக்கு யூ.பி.எஸ். பேட்டரி பேக்கப் எத்தனை மணி நேரம்? என்னுடையது நான்கு.

இரண்டாவது: "நாம வாங்கலைன்னா மீனவன் பொழப்பு என்ன ஆகும்?" இதைச் சொல்கிறவர்கள் வேறு எந்த மீனவப் பிரச்சினைக்கும் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. பிடிபடும்போது பத்திரிகைப் படத்தில் கல்லுக்குப் பின்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பது யார்? லுங்கி கட்டிய ஆள். அந்தக் கல் யார் வீட்டு ஹாலுக்குப் போய்ச்சேர இருந்தது என்று எந்தச் செய்தியிலும் இருக்காது. ஏழு வருடச் சிறையின் ரிஸ்க் அவனுக்கு, நீல வெளிச்சம் நமக்கு. இதற்குப் பெயர் வாழ்வாதாரமா?

மூன்றாவதுதான் பலமானது. "எண்ணூர்ல அனல்மின் நிலையம் சாம்பலைக் கொட்டுது, ஆத்துல எண்ணெய் ஓடுது. அதையெல்லாம் விட்டுட்டு என் பன்னெண்டு கிலோவக் கேக்க வந்துட்டியா?"

இதற்குப் பதில் சொல்ல நான் என் ஊரைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

வீட்டுக் குழாயில் கடல்

நான் இருப்பது திருவொற்றியூர். மொட்டைமாடியில் நின்றால் கடல் தெரியும். எங்கள் பக்கத்துக்கு மெட்ரோ வாட்டர் எங்கிருந்து வருகிறது தெரியுமா? மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010இல் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் கொடுக்கும் அளவில் கட்டியது. கடலை உறிஞ்சி, உப்பைப் பிரித்து, நன்னீரை நமக்கு அனுப்பிவிட்டு, மிச்சமிருக்கும் அடர்ந்த உப்புநீரைத் திரும்பக் கடலுக்கே விடும். அந்தத் தண்ணீரை நான் வீட்டில் இன்னொரு ஆர்.ஓ. மிஷினில் விட்டு, டி.டி.எஸ். சுழியம் ஆகும்வரை வடிகட்டி, அதில் வெளிநாட்டிலிருந்து பை போட்டு வந்த உப்பைக் கரைத்து, மறுபடி கடல்நீர் செய்கிறேன். லிட்டருக்கு 35 கிராம் உப்பு, கால்சியம் 420, வெப்பம் 26 டிகிரி. கடலுக்கும் எனக்கும் நடுவில் நடக்கிற தூரம்.

பக்கத்துக் கடல்நீரையே கேனில் பிடித்து ஊற்றலாமே என்று கேட்பீர்கள். வடசென்னையில் விவரம் தெரிந்த எந்தத் தொட்டிக்காரனும் கரையோரத் தண்ணீரை ஊற்ற மாட்டான். இதை நாங்கள் சர்வசாதாரணமாகச் சொல்வோம். "ஐயோ, நம்ம கடல் தண்ணியா? மீன் செத்துடும் ப்ரோ." சொல்லிவிட்டு அடுத்த டாபிக்குக்குப் போய்விடுவோம். அந்த வாக்கியத்தின் பயங்கரம் எனக்கு உறைக்க நான்கு வருடம் ஆனது.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. யூ.பி.எஸ். நான்கு மணி நேரத்தில் போனது. பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் அன்று இரவோடு நின்றது. அதன்பிறகு நானும் அம்மாவும் முறைவைத்து, பிளாஸ்டிக் மக்கால் தொட்டித் தண்ணீரை மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினோம். ஆக்சிஜன் கலக்க வேறு வழியில்லை. விடிய விடிய. இரண்டு கோமாளி மீனும் பிழைத்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வெள்ளத்தோடுதான் மணலித் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து எண்ணெய் கிளம்பி, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்துக்குள் வந்தது. சில நாள் கழித்து, பள்ளியில் என்னோடு படித்தவனைப் பார்க்கப் போனேன். முகத்துவாரத்தை ஒட்டிய ஒரு குப்பத்துக்காரன். இறாலுக்கும் நண்டுக்கும் போகிறவன். அவன் ஃபைபர் படகு முழுக்கத் தார் பூசினாற்போல் கறுப்பு. வலையைத் தூக்கிக் காட்டினான், கையை விட்டு இறங்க மாட்டேன் என்றது. அவனும் இன்னும் சில பேரும் தண்ணீர் மேல் மிதந்த எண்ணெயை மொண்டு பீப்பாயில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மக்கால்தான். 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது வாளியால் அள்ளினார்கள் என்று நாடே சிரித்தது. ஆறு வருடத்தில் தொழில்நுட்பம் வாளியிலிருந்து மக்குக்கு வந்திருந்தது.

அவன் முன்பு ஒரு தடவை என் தொட்டியைப் பார்த்திருக்கிறான். மே மாதம், தொட்டிக்காக ஏசி ஓடிக்கொண்டிருந்தது. "இன்னா மச்சி, கல்லுக்கு ஏசி போட்டு வச்சினுகிற" என்று சிரித்துவிட்டுப் போனவன். அன்று கரையில் சிரிக்கவில்லை.

"உன் தொட்டியில இப்டி ஆனா இன்னா பண்ணுவ?"

"தண்ணி மாத்துவேன்டா."

"நாங்க எங்க மாத்தறது?"

எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் இல்லை.

அட்டையில் இல்லாத நிறம்

அதோடு முடியவில்லை. அதே மாதம், டிசம்பர் 26 நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பத்தில், கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்குக் கடலடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். மூச்சுத்திணறலோடு பல பேர் ஆஸ்பத்திரியில். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து சொன்னது: அந்த இடத்துக் கடல்நீரில் அம்மோனியா லிட்டருக்கு 49 மில்லிகிராம். கடலில் விடுவதற்கு அனுமதிக்கப்பட்ட அளவு 5.

இந்த எண்ணைச் செய்தியில் படித்தபோது என் கை தானாக டெஸ்ட் கிட் பெட்டிக்குப் போனது. தொட்டி வைத்திருக்கும் எல்லோரிடமும் இருக்கிற சாமான்தான். ஐந்து மில்லி தண்ணீர், இரண்டு பாட்டிலிலிருந்து சொட்டு மருந்து, குலுக்கி ஐந்து நிமிடம். மஞ்சளாக இருந்தால் அம்மோனியா இல்லை. லேசாகப் பச்சை தட்டினால் 0.25. அந்த 0.25ஐப் பார்த்து நான் ராத்திரி பதினோரு மணிக்குத் தண்ணீர் மாற்றியிருக்கிறேன். ஒரு கல்யாணத்துக்குப் போகாமல் இருந்திருக்கிறேன். நிற அட்டையில் கடைசிக் கட்டம், கரும்பச்சை, 8. அதற்கு மேல் அட்டையில் நிறமே இல்லை. தொட்டியில் அதற்குமேல் அளப்பதற்கு உயிரோடு எதுவும் இருக்காது என்பதால் அச்சடிக்கவில்லை.

என் ஊர்க் கடலில் 49.

விபத்தை விடுங்கள். அனுமதிக்கப்பட்ட அளவே 5. வெப்பத்தையும் பாருங்கள். தொட்டி 26இலிருந்து 28க்குப் போனாலே எங்களுக்குத் தூக்கம் வராது. நம் நாட்டு விதிப்படி, 1999 ஜூனுக்குப் பின் வந்த கடலோர அனல்மின் நிலையம், தான் வெளியேற்றும் நீரால் அந்த இடத்துக் கடலின் வெப்பத்தை 7 டிகிரி வரை உயர்த்தலாம். ஏழு! இந்த வரம்புகளுக்குப் பின்னால் இருக்கிற தர்க்கத்தை எந்த அதிகாரியிடம் கேட்டாலும் நாகரிகமான ஆங்கிலத்தில் விளக்குவார்: கலந்துவிடும், நீர்த்துவிடும், பரவிவிடும். தமிழில் சொன்னால், கடல் பெருசு சார்.

இதுதான் அந்த மூன்றாவது சாக்குக்கு என் பதில். உன் 12 கிலோவும் அவர்கள் குழாயும் அளவில் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒருநாளும் ஒன்றாகாது. ஆனால் எடுக்கிற பக்கம் நீ சொல்வதும், கொட்டுகிற பக்கம் அவர்கள் சொல்வதும் ஒரே வாக்கியம். இரண்டு பேருக்கும் கடல் கணக்கில் வராத ஒரு குடோன். என் நண்பனுக்கு அது குடோன் இல்லை. அவனுக்குத் தெரிந்த கழிமுகத்துக்கு ஓரம் உண்டு, ஆழம் உண்டு, எந்த மாதம் எந்த இடத்தில் எந்த இறால் என்ற கணக்கு உண்டு.

அவர்களுக்காவது ஒரு சாக்கு இருக்கிறது: தெரியாது என்று நடிக்கலாம். தொட்டி வைத்திருப்பவனுக்கு அதுகூட இல்லை. நீர் எவ்வளவு சீக்கிரம் கெடும், கெட்டால் திரும்ப எத்தனை மாதம் ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். 100 லிட்டர் தண்ணீரைத் தினமும் அளந்து அளந்து கற்றுக்கொண்டவன் அவன். தெரிந்துகொண்டே சாக்கைப் பிரிக்கிறவன்.

உறை மோர்

சரி, தொட்டியே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். எனக்குக் கடலைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது அந்தத் தொட்டிதான். கரையில் வளர்ந்தும் முப்பது வயது வரை நான் கடலை வெறும் காற்று வாங்கும் இடமாகத்தான் பார்த்தேன். வேண்டாம் என்பது கடலில் எடுத்த கல் மட்டும்.

அம்மா தயிர் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பானைப் பாலுக்கு ஒரு ஸ்பூன் மோர். ராத்திரி முழுக்க விட்டால் தயிர். லைவ் ராக்கில் நமக்குத் தேவைப்படுவதும் அந்த ஸ்பூன் மோர்தான், பாக்டீரியா. அதற்காகப் பக்கத்து வீட்டுத் தயிர்ப்பானையையே தூக்கி வருகிறோம்.

கல்லை நாமே செய்யலாம். போன வருடம் அத்தை பையனுக்காக மொட்டைமாடியில் செய்தோம். சிமெண்ட், கோழித் தீவனத்துக்கு விற்கும் கிளிஞ்சல் குருணை, நிறைய கல்லுப்பு. கெட்டியாகப் பிசைந்து, மணல் குழியில் கோணல்மாணலாக வார்த்து, இறுகியதும் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். உப்பு கரைந்து வெளியேறும், அது இருந்த இடமெல்லாம் துளை. "சிமெண்ட்ல உப்பு போட்டுப் பிசையறியே, கல்லு ஊறுகாயா?" என்றாள் அம்மா. புது சிமெண்டின் காரம் தண்ணீரில் இறங்கும், பி.எச். ஏறும். ஆகவே வாரத்துக்கு இரண்டு முறை தண்ணீர் மாற்றி, பி.எச். நிற்கும்வரை ஊற வைக்க வேண்டும். எங்களுக்கு ஏழு வாரம். பிறகு தொட்டியில் அடுக்கி, என் தொட்டியின் வடிகட்டியிலிருந்து ஒரு கைப்பிடி பீங்கான் வளையங்களை உறை மோராகப் போட்டோம். துளி அம்மோனியா விட்டு, தினமும் அளந்தோம். பச்சை மஞ்சளாக இன்னும் ஆறு வாரம். மொத்தம் மூன்று மாதத்துக்கு மேல். ஊதாப் பாசி படர ஒரு வருடம் ஆகும். பிசைய நேரமில்லாதவர்களுக்குக் கடையில் உலர்ந்த செயற்கைக் கல், பீங்கான் கல் கிடைக்கிறது. அமெரிக்காவில் ஃபுளோரிடா 1990களில் கடலில் கல் எடுப்பதை நிறுத்தியதும், அங்குள்ளவர்கள் சுண்ணாம்புக் கல்லைக் கடலடியில் போட்டு, உயிர் ஏறிய பிறகு எடுத்து விற்கத் தொடங்கினார்கள். கதவை மூடினால் வேறு வழி பிறக்கிறது.

மீனும் அப்படித்தான். கோமாளி மீன் கடலில் பிடித்ததாக இருக்க வேண்டியதில்லை. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் அதைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை எப்போதோ கண்டுவிட்டன. பண்ணையில் பிறந்த குஞ்சு தொட்டியில் பழகியது, நன்றாகச் சாப்பிடும், நீண்ட நாள் இருக்கும். கேட்டு வாங்குங்கள். கேட்டால்தான் கடைக்காரர் வைப்பார்.

இன்னொன்று. சலித்துப்போனால் எதையும் கழிமுகத்தில் கொண்டுபோய் விடாதீர்கள். எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை 'காக்கா ஆழி' என்று மீனவர்கள் திட்டும் ஒரு மட்டி, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, பாய் விரித்தாற்போல் அடியை மூடி, இறால் மேயும் மண்ணைக் காலி செய்துவிட்டது. அதைக் கொண்டுவந்தது பெரும்பாலும் கப்பல்களாக இருக்கும். அடுத்ததைக் கொண்டுவருவது ஒரு தொட்டிக்காரனாக இருக்கக்கூடாது. அதனால்தான் என்னுடைய 2019 கல்லை என்னால் திருப்பித் தர முடியவில்லை. எந்தக் கடலிலிருந்து வந்தது என்றே தெரியாத கல்லை எந்தக் கடலில் போடுவது? அது ஹாலில் இருக்கிறது. அதன் மேல் ஊதாப் பாசி அழகாகப் படர்ந்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லாம் "சூப்பரா இருக்கு" என்கிறார்கள்.

அறிக்கையைப் படிப்பவர்கள்

கடைசியாக ஒரு கோரிக்கை. புயலுக்குப் பிறகு நான் ஒரு ஆர்வக்கோளாறில் நண்பனிடம் சொன்னேன், "என் டெஸ்ட் கிட்டை எடுத்துனு வரேன்டா, கழிமுகத் தண்ணிய அளக்கலாம்." அவன் சொன்னான், "எங்களுக்கு மூக்கு கீதுடா. அளந்து தெரிஞ்சிக்கத் தேவையில்ல. சொன்னா கேக்கத்தான் ஆளில்ல."

அன்று புரிந்தது. அங்கே பற்றாக்குறை தகவலுக்கு இல்லை. எங்கள் பக்கத்தில் எந்தப் புது ஆலை, எந்த விரிவாக்கம் வந்தாலும், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை என்று நூற்றுக்கணக்கான பக்கங்களில் ஒன்று வரும். பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடக்கும். அந்த அறிக்கைக்குள் என்ன இருக்கும் தெரியுமா? பி.எச்., டி.டி.எஸ்., கரைந்த ஆக்சிஜன், அம்மோனியா, நைட்ரேட், வெளியேற்றும் நீரின் வெப்பம். ஊரில் பெரும்பாலானவர்களுக்கு அது கிரேக்கம். உனக்கு, நீல வெளிச்சத்தில் ராத்திரி முழுக்க கால்சியமும் காரத்தன்மையும் படிக்கிற உனக்கு, அது தாய்மொழி. 0.25க்கும் 5க்கும் என்ன வித்தியாசம் என்று கலெக்டர் முன்னால் மைக்கைப் பிடித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்? அவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஏதோ ஒரு தொட்டி இருக்கும். நாங்கள் ஒருவரும் இதுவரை போனதில்லை. குப்பத்து ஜனங்கள் மட்டும் வேலையை விட்டுவிட்டுப் போய், காலையிலிருந்து வரிசையில் நிற்கிறார்கள்.

அடுத்த கருத்துக்கேட்புக்கு நான் போகப்போகிறேன். நண்பன் பக்கத்தில் நின்று, அவன் சொல்வதற்குத் தேவையான எண்களை எடுத்துக் கொடுப்பது என் வேலை. அந்த நிற அட்டையையும் எடுத்துப் போவேன்.

தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். பன்னெண்டு கிலோ கல் எங்கே கிடைக்கும் என்று கேட்டாய். ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு வா. சிமெண்ட் நான் வாங்கி வைக்கிறேன், கல்லுப்பு நீ வாங்கி வா. மூன்று மாதம் ஆகும். அதுவரை காத்திருக்க முடியாது என்றால், உன்னால் தொட்டியும் வைக்க முடியாது.